‘எந்த ஊர்?’ - அயர்லாந்தின் எனிஸ் நகரில் ஒரு சனிக்கிழமை

அயர்லாந்துக்குச் சுற்றுலா வருகிற பலருக்கு எனிஸ் ஒரு பெயர்ப்பலகை மட்டும்தான். பஸ் ஏறினால் நேராக மோஹர் பாறைகள். கடலிலிருந்து செங்குத்தாக 214 மீட்டர் எழுந்து நிற்கும் அந்தப் பாறைகளின் ஓரத்தில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு, அடுத்து கால்வே நகரம். நெடுஞ்சாலையும் ஊருக்குள் வராமல் வெளியே வளைந்து போய்விடுகிறது. இத்தனைக்கும் கிளேர் மாவட்டத்தின் தலைநகர் எனிஸ்தான். 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 28,000. நம் கணக்கில் ஒரு சின்ன நகராட்சி.

எங்களை அங்கே அழைத்துப்போனது எட்டு வயதுப் பாப்பா, என் அக்கா மகள்.

அக்கா லிமரிக்கில் நர்ஸ். பத்து நாள் லீவில் போன செப்டம்பர் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அயர்லாந்தில் தொடக்கப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்கு டின் விசில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் புல்லாங்குழலுக்குத் தங்கை மாதிரி, ஆறு துளையுள்ள குட்டித் தகரக் குழல். பாப்பாவின் டீச்சர் எனிஸ்காரர். ‘சனிக்கிழமை சாயங்காலம் எங்க ஊருக்குப் போய்ப் பார், பெரியவங்க எப்படி வாசிக்கிறாங்கன்னு தெரியும்’ என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டுதான். எனிஸ் எப்போ, எனிஸ் எப்போ?

சிக்கல் என்னவென்றால், அந்தப் பெரியவர்கள் வாசிக்கிற இடம் பப்.

“பப்புக்கா? குழந்தையைக் கூட்டிக்கிட்டா?” என்றாள் அக்கா. திருச்சியில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் எதை ஞாபகப்படுத்தும் என்று எனக்குத் தெரியும். கம்பி வலைக்குப் பின்னால் கவுன்டர், பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளர், வாசலைக் கடக்கும்போது அம்மா நம் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பது. ஏழு வருடமாக அந்த நாட்டில் இருக்கிறாள். பொழுது சாய்ந்தபின் ஒரு பப்புக்குள் காலெடுத்து வைத்ததில்லை. மாமாதான் எடுத்துச் சொன்னார். “இங்கே பப்ல பாட்டி பேரனுக்கு சூப் வாங்கிக் கொடுப்பாங்க. சட்டமே இருக்கு. பதினைந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்க அப்பா அம்மாவோட வரலாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பிடணும். மே மாசத்துலேருந்து செப்டம்பர் முடியற வரைக்கும் பத்து மணி.”

பப் என்பது பாதிக் காரணம்தான். மீதியை அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை.

2025 கோடையில் அயர்லாந்தில் இந்தியர்கள் மீது அடுத்தடுத்து தாக்குதல்கள் நடந்தன. ஜூலையில் டப்ளின் புறநகர் ஒன்றில் ஒருவரை அடித்துப்போட்டார்கள். ஆகஸ்ட் 1-ம் தேதி டப்ளினில் உள்ள இந்தியத் தூதரகம், ஆளில்லாத இடங்களையும் அகால நேரங்களையும் தவிர்க்கச் சொல்லி அறிவிப்பு வெளியிட்டது. அந்த வாரமே வாட்டர்ஃபோர்டில், வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயது இந்திய வம்சாவளிச் சிறுமி தாக்கப்பட்ட செய்தி. அயர்லாந்தின் அதிபர் ஹிக்கின்ஸே வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தச் செய்திகள் எங்கள் டெஸ்க்குக்கும் வந்தன. செய்தியைப் பதிவேற்றி முடித்ததும் நான் செய்த முதல் வேலை, அக்காவுக்குப் போன் போட்டதுதான்.

அக்காவுக்கு நடந்தது செய்தியாகிற அளவுக்குப் பெரிதில்லை. நைட் டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது விடலைப் பையன்கள் மூன்று பேர் வந்து, “எங்கிருந்து வர்றே?” என்று கேட்டார்கள். இவள் சொன்னாள். “அங்கேயே திரும்பிப் போ” என்றார்கள். அவ்வளவுதான். ஆனால், அதற்குப்பிறகு அந்தக் கேள்வியை யார் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் பெட்டில் படுத்திருக்கும் தொண்ணூறு வயதுப் பாட்டி அன்பாகக் கேட்டால்கூட, ஒரு விநாடி தனக்கு மூச்சு நிற்பதாகச் சொன்னாள்.

ஆகவே ‘எனிஸுக்குப் போறோம், பகல்ல ஊர் சுத்தறோம், சாயங்காலம் சும்மா எட்டிப் பார்க்கறோம், இருட்டறதுக்குள்ள கிளம்பறோம்’ என்று ஒப்பந்தம் ஆனது.

லிமரிக்கிலிருந்து காரில் நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. வழியில் மூன்று முறை மழை, நான்கு முறை வெயில். எனிஸ் என்றால் ஐரிஷ் மொழியில் தீவு என்று அர்த்தம். ஃபெர்கஸ் என்ற ஆறு இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட மண்ணில் பிறந்த ஊர். நம் ஸ்ரீரங்கம் மாதிரி என்று சொன்னதும் அக்கா முகத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு.

தெருக்கள் குறுகல். எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடைகளுக்கு நடுவே ஆள் நுழைகிற அளவுக்குச் சந்துகள். நுழைந்தால் இன்னொரு தெருவில் கொண்டுபோய் விடும். எல்லாத் தெருவும் சேர்கிற இடத்தில் உயரமான தூண், அதன் உச்சியில் டேனியல் ஓ’கானல் சிலை. 1828-ல் கிளேர் தொகுதி இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தவர். ஜெயித்தாரே தவிர, நாடாளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. கத்தோலிக்கர்கள் தங்கள் மதத்தையே மறுதலிக்கும் உறுதிமொழி எடுத்தால்தான் உள்ளே விடுவார்கள் என்ற சட்டம் அன்று இருந்தது. ஜெயித்தவரை வெளியே நிறுத்தினால் ஊர் கொந்தளித்துவிடும் என்று பயந்து, அடுத்த ஆண்டே லண்டன் அந்தச் சட்டத்தை மாற்றியது. ஓர் இடைத்தேர்தல் ஒரு நாட்டின் சட்டத்தைப் புரட்டிப்போட்ட ஊர் இது. இப்போது தூணுக்குக் கீழே ஐஸ்க்ரீம் சாப்பிடுகிறார்கள்.

அடுத்து ஃபிரான்சிஸ்கன் மடம். 13-ம் நூற்றாண்டில் ஓ’பிரையன் அரச வம்சம் கட்டியது. பாதி இடிபாடு, பாதிக்குப் புதிதாகக் கூரை போட்டிருக்கிறார்கள். கிழக்குச் சுவரில் ஐந்து ஒல்லி ஜன்னல்கள் கைவிரல்கள்போல ஒட்டி நிற்கின்றன. தூண் ஒன்றில் புனித ஃபிரான்சிஸ் சிற்பம். உள்ளங்கையில் ஆணிக்காயம் தெரிகிற மாதிரி கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சுண்ணாம்புக் கல்லில் அந்தக் காலத்துச் சிற்பி செதுக்கிய ஆடை மடிப்பு இன்னும் கூர்மையாக இருக்கிறது. பாப்பாவுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. “சித்தி, மியூசிக் எப்போ?”

டர்ன்பைக் ரோடு என்ற சாதாரணத் தெருவில் இருக்கிறது ஒரு நினைவுக்கல். அதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் மாமா. குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா ஏப் கிரேடி இந்தத் தெருக்காரர். 1860-களில் கப்பலேறி அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போய், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 2009 செப்டம்பர் 1-ம் தேதி முகமது அலி இந்த ஊருக்கு வந்தார். பார்க்கின்சன் நோயால் பேச்சு தளர்ந்திருந்த காலம். ஊரே தெருவில் திரண்டது. எனிஸின் முதல் கௌரவக் குடிமகன் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.

“இந்த ஊரிலிருந்து போனவங்கதான் அதிகம்” என்றார் மாமா. உண்மைதான். 1841-ல் கிளேர் மாவட்டத்தில் சுமார் 2,86,000 பேர் இருந்தார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும்பஞ்சம் வந்தது. செத்தவர்கள் போக, கப்பலேறியவர்கள் போக, அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக வேலை தேடிப் போனவர்கள் போக, 2022-ல் சுமார் 1,28,000. பாதிக்கும் குறைவு. 180 ஆண்டுகளுக்கு முன்பு இருந்த கூட்டம் இன்னும் திரும்பி வரவில்லை.

இந்தக் கணக்குக்கும் சாயங்காலம் நாங்கள் கேட்கப்போன இசைக்கும் சம்பந்தம் உண்டு. பப்பில் வாசிப்பது ஏதோ ஆதிகால வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. இந்த இசை முதலில் இருந்தது வீட்டு அடுப்படியிலும் முச்சந்தியிலும்தான். ஒருவர் ஃபிடில் எடுத்தால் அக்கம்பக்கம் கூடும், ஆட்டம் நடக்கும். பாதிரியார்களுக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது பிடிக்கவில்லை. 1935-ல் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது: பொது நடனத்துக்குக் கோர்ட்டில் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதைக் காட்டி வீட்டு ஆட்டங்களையும் பல இடங்களில் நிறுத்தவைத்தார்கள். அதோடு வாசிக்கத் தெரிந்தவர்கள் வேலைக்காக லண்டன் போய்விட்டார்கள். அங்கே கட்டட வேலை பார்த்தார்கள். பத்துக்குப் பத்து வாடகை அறையில் ஃபிடில் வாசித்தால் வீட்டுக்காரர் விடுவாரா? இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, கேம்டன், கென்டிஷ் டவுன் பக்கத்து பப்புகளில் ஒன்றுகூடி வாசித்தார்கள். அந்தப் பழக்கம் பின்னாளில் ஊருக்கும் வந்து வேர்விட்டது. ஊரைவிட்டுப் போனவர்கள், இருக்க இடமில்லாமல் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

போனவர்களில் இன்னொருவர் ஃபிரான்சிஸ் ஓ’நீல். கார்க் மாவட்டத்துக்காரர். சிகாகோ நகரத்தின் போலீஸ் தலைவராக 1901 முதல் 1905 வரை இருந்தார். அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களிடமிருந்து மெட்டு மெட்டாகச் சேகரித்து, 1903-ல் 1,850 மெட்டுகள் கொண்ட புத்தகம் போட்டார். இன்றைக்கும் அயர்லாந்தில் வாசிப்பவர்கள் சந்தேகம் வந்தால் புரட்டுகிற புத்தகங்களில் அதுவும் ஒன்று. மண்ணின் இசைக்கான புத்தகத்தைக் கடல் கடந்த ஒரு போலீஸ்காரர் எழுதியிருக்கிறார்.

சாயங்காலத்துக்கு முன்னால் இசைக்கருவிக் கடை ஒன்றுக்குள் நுழைந்தோம். பாப்பாவின் பள்ளிக்கூடக் குழல் நசுங்கிப்போயிருந்தது. புதுசு ஒன்று, பதினைந்து யூரோவுக்குள். ‘டி’ சுருதியில்தான் வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கினாள். எல்லோரும் வாசிப்பது அதில்தானாம். “டின்னா நம்ம கணக்குல ரெண்டு கட்டைடி” என்றாள் அக்கா. ஒன்பதாம் வகுப்புவரை பாட்டு கற்றுக்கொண்டவள். அதை அவள் சொல்லிக் கேட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

பப்பின் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். மடத்துக்குப் பக்கத்துத் தெரு, தாழ்ந்த கூரை, கணப்பு அடுப்பில் நெருப்பு. அரசாங்கம் 2004-லேயே உள்ளே புகைபிடிக்கத் தடை போட்டுவிட்டதால், அக்கா பயந்த நாற்றம் எதுவும் இல்லை. மூலையில் ஒரு மேஜை, சுற்றி ஏழெட்டு நாற்காலி, எல்லாம் காலி. உட்காரப் போன என் கையை மாமா பிடித்து இழுத்தார். அது வாசிப்பவர்களுக்கு. கூட்டம் நெரிந்தாலும் ஊர்க்காரர் யாரும் அதில் உட்காருவதில்லை. நாங்கள் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தோம். காய்கறி சூப், பழுப்பு ரொட்டி, பெரியவர்களுக்கு டீ. பாப்பாவுக்கு ரெட் லெமனேட். பெயர்தான் லெமனேட்; நிறம் நம்மூர் பன்னீர் சோடாவுக்குச் சாயம் போட்ட மாதிரி. டீ கேட்டதற்கு யாரும் எங்களை ஒருமாதிரி பார்க்கவில்லை. பக்கத்து மேஜைத் தாத்தாவும் டீதான் குடித்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். மைக் இல்லை, மேடை இல்லை, ‘அனைவருக்கும் வணக்கம்’ இல்லை. கோட்டைக் கழற்றி மாட்டினார்கள், வானிலையைத் திட்டினார்கள், பெட்டியைத் திறந்தார்கள். பார்வையாளர்களைப் பார்த்து உட்காரவே இல்லை. வட்டமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து. எங்களுக்குக் கிடைத்தது இரண்டு முதுகும் ஒரு பக்கவாட்டு முகமும்.

இரண்டு ஃபிடில். ஃபிடில் என்றால் வயலினேதான், வேறில்லை. அதே வயலினைத்தான் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி சென்னையில் கற்று நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்களில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளும் கலந்திருக்கின்றன. ஆக, இந்த இசை நம் வீட்டுக் கொல்லைப்புறம்வரை ஒருகாலத்தில் வந்துபோயிருக்கிறது. பிறகு ஒரு மரப் புல்லாங்குழல். ஒரு கான்சர்ட்டினா: இரண்டு கைக்கும் நடுவே பிடிக்கிற அறுகோணக் குட்டி ஹார்மோனியம், துருத்தியை அமுக்கினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் அதே பொத்தானில் வேறு ஸ்வரம். கிளேர் மாவட்டத்தின் செல்லக் கருவி அது. பெண்கள் கையில் வளர்ந்த கருவி என்றும் சொல்லலாம். கில்ரஷ் ஊரில் பப் நடத்திக்கொண்டே வாசித்துப் பெயர் வாங்கிய எலிசபெத் க்ராட்டியை இன்றும் இங்கே மரியாதையாகச் சொல்கிறார்கள். அன்று அதை வாசித்தவரும் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாதான். அடுத்து இல்லன் பைப்: வாயால் ஊதாமல், முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிப்பது. 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கடைசியாக பௌரான்: நம் பறைபோல ஒருபக்கம் மட்டும் தோல் போர்த்தியது, ஆட்டுத்தோல், குட்டிக் கட்டையால் தட்டுவது.

ஆரம்பித்தார்கள்.

உண்மையைச் சொன்னால், முதல் கால் மணி நேரம் எனக்கு எல்லாம் ஒரே பாட்டாகத்தான் கேட்டது. எங்கே முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. அக்காவின் வலது கைதான் எனக்கு வழி காட்டியது. மேஜைக்கு அடியில் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். “இது தகிட தகிட, தகிட தகிட. கேளு. முன்னாடி வாசிச்சது தகதிமி தகதிமி.” அவ்வளவுதான் விஷயம். முதலாவதற்கு ஜிக் என்று பெயர். இரண்டாவதற்கு ரீல்.

ரீல் என்றதும் ஞாபகம் வந்தது. ‘ரீல்ஸ் அஞ்சாறு எடுத்துட்டு வா’ என்று எடிட்டர் வாட்ஸப் அனுப்பியிருந்தார். இடைவேளையில் புல்லாங்குழல்காரரிடம் போய், வீடியோ எடுக்கலாமா என்று கேட்டேன். “ஒண்ணு எடுத்துக்கோ. அப்புறம் பையில போட்டுட்டு காதால கேளு” என்றார். ஒன்றே ஒன்று எடுத்தேன். எடிட்டருக்கு அனுப்பியது அதுதான்.

ஒவ்வொரு மெட்டும் இரண்டு பாகம். எட்டு சுற்று எண்ணிக்கை கொண்ட முதல் பாகம் இரண்டு தடவை, அதே அளவில் இரண்டாம் பாகம் இரண்டு தடவை. பிறகு திரும்பவும் முதலிலிருந்து. இப்படி இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு, ஒருவர் புருவத்தை உயர்த்துவார். மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தாளில் எழுதி வைத்துக்கொண்டு யாரும் வாசிக்கவில்லை. ஒருவருக்கு அந்த மெட்டு தெரியாவிட்டால் கருவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார். அதில் வெட்கம் எதுவும் இல்லை. பெயரும் முக்கியமில்லை, ‘இப்போ வாசிச்சதுக்கு என்ன பெயர்?’ என்று நான் கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். டப்ளின் டெம்பிள் பார் பக்கம் மைக் வைத்து, சுற்றுலாக்காரர்கள் கேட்கிற பாட்டையெல்லாம் பாடுகிற பப்புகள் உண்டு; அது ஒரு வியாபாரம். இங்கே ஒரு வெளிநாட்டு ஜோடி வந்து பிரபலமான பாட்டு ஒன்றைக் கேட்டது. ஃபிடில்காரர் இனிமையாகச் சிரித்துவிட்டு, ஜிக் வாசித்தார்.

எட்டு மணி தாண்டியிருக்கும். வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அக்கா கைப்பையை மடியில் எடுத்து வைத்துவிட்டாள். அப்போதுதான் கான்சர்ட்டினா அம்மா வாசிப்பதை நிறுத்தாமலேயே எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாப்பாவின் விரல்கள் மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டம் சரியாக இருந்திருக்க வேண்டும்.

மெட்டு முடிந்ததும், “உன்கிட்ட விசில் இருக்கா கண்ணு?” என்று கேட்டார்.

பாப்பா பையிலிருந்து புதுக்குழலை எடுத்துக் காட்டினாள். வட்டம் கொஞ்சம் விலகியது. ஒரு குட்டி ஸ்டூல் எங்கிருந்தோ வந்தது. பாப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாப்பா போய் உட்கார்ந்துவிட்டாள்.

புல்லாங்குழல்காரர் குனிந்து, “சரி, நீ எங்கிருந்து வர்றே?” என்றார்.

எனக்குப் பக்கத்தில் அக்காவின் டீக்கோப்பை தட்டில் இடித்துச் சத்தம் போட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பப்பில் திடீரென்று எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. நிஜத்தில் யாரும் நிறுத்தவில்லை.

“லிமரிக்” என்றாள் பாப்பா.

“ஐயையோ!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் அவர். பைப் வாசிப்பவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “லிமரிக்கா? யார் உள்ளே விட்டது?” என்றார் ஃபிடில்காரர். பக்கத்து மேஜை டீத் தாத்தா எழுந்து நின்று, “2024-ல கோப்பை யார் கையில இருந்ததுன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க” என்றார். பப்பே சிரித்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாதான் காதில் சொன்னார். ஹர்லிங். மட்டையும் பந்தும் வைத்து ஆடுகிற ஐரிஷ் விளையாட்டு. கிளேரும் லிமரிக்கும் பரம வைரிகள். 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை அகில அயர்லாந்துக் கோப்பை லிமரிக்குக்கு. 2024-ல் கிளேர் ஜெயித்தது.

“நாங்க நாலு தடவை ஜெயிச்சோம்” என்றாள் பாப்பா, விரலைக் காட்டி. லிமரிக்காரி வேறெப்படிப் பேசுவாள்? “சரி சரி, இந்த ஒரு தடவை மன்னிச்சு விடறோம்” என்றார் புல்லாங்குழல்காரர். “என்ன வாசிக்கிறே?”

பெயர் அவளுக்கும் தெரியவில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்த போல்கா என்றாள். முதல் நாலு ஸ்வரத்தை ஊதிக் காட்டியதும் எல்லோரும் தலையாட்டினார்கள். தொடங்கினாள். வேகம் அவளுடைய வேகம்தான். அவர்கள் கீழே இறங்கி வந்து, சத்தத்தையும் குறைத்துக்கொண்டு, கூடவே நடந்தார்கள். முதல் பாகம் இரண்டு தடவை நன்றாகப் போனது. இரண்டாம் பாகத்தில் ஒரு மேல்ஸ்வரம் கீச்சிட்டது, விரல் குழம்பியது, நின்றுவிட்டாள். கண் கலங்குகிற முகம் எனக்குத் தெரிகிறது.

அவர்கள் நிறுத்தவில்லை. இரண்டாம் பாகத்தை அப்படியே கடந்தார்கள். கான்சர்ட்டினா அம்மா தலையை மட்டும் அவள் பக்கம் சாய்த்து, ‘வருது, வருது… இப்போ’ என்று உதட்டை அசைத்தார். மெட்டு திரும்பவும் முதலுக்கு வந்தது. பாப்பா ஏறிக்கொண்டாள். அடுத்த சுற்றில் இரண்டாம் பாகத்துக்குக் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு விரலை மட்டும் ஓட்டினாள். முதல் பாகம் வந்ததும் மறுபடி ஊதினாள். மூன்று சுற்று அப்படியே. கைதட்டல் பெரிதாக இல்லை. பௌரான்காரர் அவள் முதுகில் லேசாகத் தட்டினார். “அடுத்த தடவை அந்த ரெண்டாவது பாதியையும் கொண்டா” என்றார் கான்சர்ட்டினா அம்மா. அவ்வளவுதான், அடுத்த ரீலுக்குப் போய்விட்டார்கள். பாப்பாவை ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதரை மணிக்கு மேல் யாரோ ‘ஷ்ஷ்’ என்றார்கள். பார் கவுன்டரில் கிளாஸ் கழுவும் சத்தம்கூட நின்றது. மூலையில் நின்றிருந்த வயதான ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், ஐரிஷ் மொழியில் ஒரு பாட்டுப் பாடினார். சொல் எதுவும் புரியவில்லை. நீட்டி, நெளித்து, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குழைந்து போகிற பாட்டு. அக்கா கைப்பையைக் கீழே வைத்திருந்தாள். எப்போது வைத்தாள் என்று தெரியாது. இருட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பார்க்காரர் வந்து, சட்டம் என்பதுபோலக் கடிகாரத்தைக் காட்டி, பாப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தோளைக் குலுக்கினார். கிளம்பினோம். கார் நிறுத்திய இடம்வரை அந்தக் குறுகல் சந்துகளில் நடந்தோம். எதிரே இளவட்டங்கள் நான்கு பேர் கும்மாளமாக வந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஹாய்” சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சந்தைத் தாண்டும்வரை அவள் கையை விடவில்லை. ஒரு சாயங்காலத்தில் பயம் போய்விடுமா என்ன?

நான் ஊர் திரும்பிப் பதினைந்து நாளாகியிருக்கும், அக்காவிடமிருந்து வாட்ஸப் வந்தது. பாப்பா இரண்டாம் பாகம் வாசிக்கும் வாய்ஸ் நோட். மேல்ஸ்வரம் இன்னும் லேசாகக் கீச்சிடுகிறது. பின்னணியில் தொடையில் தாளம் தட்டும் சத்தம். கீழே ஒரு வரி:

‘அக்டோபர்லேருந்து ஒன்பது மணிக்கே கிளம்பணும்டி. அதனால சனிக்கிழமை ஆறரைக்கே போயிடலாம்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்.’